96: சேர்த்து வைத்தவனும் சொல்லித் தீர்த்தவளும்

தமிழ்த் திரையில் பழைய காதலை நினைத்துப் பார்ப்பது பெரும்பாலும் ஆண்களின் வேலையாகவே இருந்து வந்திருக்கிறது. தங்கர் பச்சானின் ‘அழகி’யில் (2002), சென்னையில் மனைவி, குடும்பம், வசதி என்று காலூன்றிவிட்ட சண்முகம், வறுமையில் வாடும் தனலட்சுமியைக் கண்டு நிலைகுலைகிறான். சேரனின் ‘ஆட்டோகிராஃப்’பில் (2004), செந்தில் தன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு, தன் வாழ்க்கையில் வந்துபோன பெண்களைத் தேடிப் புறப்படுகிறான். இரண்டு படங்களிலும் நினைப்பவன் ஆண். நினைக்கப்படுபவள், அவன் வந்து பார்க்கும்வரை, எங்கோ தன்பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருப்பவள். சி. பிரேம்குமார் எழுதி இயக்கி, 2018 அக்டோபர் 4 அன்று வெளிவந்த ‘96’ இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய படம்தான் என்றாலும், ஓர் இடத்தில் அது அடியோடு மாறுபடுகிறது. இங்கே கல்யாணமாகிக் குழந்தையோடு இருப்பவள் பெண். தனித்து நிற்பவன் ஆண். கடல் கடந்து போய், ஒரே ஓர் இரவுக்காகத் திரும்பி வருபவளும் அவள்தான். அதனாலேயே, அவனுடைய நினைவாகத் தொடங்கும் கதை, பாதி வழியில் அவளுடைய கைக்குப் போய்விடுகிறது. இந்தப் படத்தை மறுபடியும் பார்க்கத் தகுந்ததாக்குவது அந்தக் கைமாற்றம்தான் என்பது என் எண்ணம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கே. ராமச்சந்திரன் (விஜய் சேதுபதி) ஊர் ஊராகத் திரிந்து படம் எடுக்கும் புகைப்படக் கலைஞர்; மாணவர்களுக்கும் அந்தக் கலையைக் கற்றுத் தருபவர். தஞ்சாவூர் வழியாகப் போகும் ஒரு பயணத்தில், தான் படித்த பள்ளியின் வாசலில் இறங்குகிறார். உள்ளே போய்ப் பழைய வாட்ச்மேனை (ஜனகராஜ்) பார்க்கிறார். வகுப்பறைகளைச் சுற்றி வருகிறார். பழைய நண்பர்களோடு தொடர்பு மறுபடி துளிர்க்கிறது. சென்னையில் ஒரு சந்திப்பு ஏற்பாடாகிறது. சிங்கப்பூரில் கணவரோடும் மகளோடும் வாழும் எஸ். ஜானகி தேவி (த்ரிஷா) அந்தச் சந்திப்புக்கு வருகிறாள். பத்தாம் வகுப்பில் பிரிந்த இருவரும் 22 ஆண்டுகள் கழித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அவள் விமானம் ஏறும்வரை இருக்கும் சில மணி நேரந்தான் படத்தின் பிற்பாதி முழுவதும்.

தலைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 96 என்பது அந்த மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறிய ஆண்டு. ஆனால் ராமின் குடும்பம், பணநெருக்கடியால், அவன் பத்தாவது முடித்த 1994-லேயே ஊரை விட்டுச் சென்னைக்குப் போய்விடுகிறது. பதினொன்றாம் வகுப்பு தொடங்கும்போது அவனுடைய இடம் காலியாக இருக்கிறது. ஆக, படத்துக்குப் பெயராக நிற்கும் ஆண்டில் அவன் அந்தப் பள்ளியிலேயே இல்லை. நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து நினைத்துப் பார்ப்பது 96-ஐ; அவனுக்கு மட்டும் கணக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. இதைப் படம் எங்கும் எடுத்துச் சொல்வதில்லை. ஆனால் சந்திப்பு நடக்கும் இடத்தில் ராம் ஏன் எப்போதும் விருந்தாளியைப் போல ஓரமாகவே நிற்கிறான், எல்லோரும் அவனை ஏன் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கெல்லாம் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது.

பள்ளிக்கூடப் பகுதியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, எழுதவும் வேண்டும். எம்.எஸ். பாஸ்கரின் மகன் ஆதித்யா பாஸ்கர் இளவயது ராமாகவும், கௌரி கிஷன் இளவயது ஜானுவாகவும் வருகிறார்கள். பள்ளிக் காதலைக் காட்டும் படங்களில் பிள்ளைகள் பெரியவர்களின் வசனத்தைப் பேசிக்கொண்டு திரிவது வழக்கம். இங்கே அந்தத் தொல்லை இல்லை. காதல் என்ற பேச்சே இருவருக்கும் இடையில் வருவதில்லை. அவள் பாடுகிறாள், அவன் கேட்கிறான், அவள் கை அவன் நெஞ்சில் பட்டதும் மயங்கி விழுகிறான். அந்த மயக்கம் சிரிப்புக்காக வைக்கப்பட்டதுபோல முதலில் தோன்றினாலும், பெரியவனான ராம் ஏன் அவளிடமிருந்து ஓர் அடி தள்ளியே நடக்கிறான் என்பதற்கான வேர் அதில்தான் இருக்கிறது. தேர்வு முடிந்து பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் மையைத் தெளித்துக்கொள்ளும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்தக் கூச்சலும் கறையும் புதிதல்ல. மற்றவர்கள் ஓடியும் கத்தியும் தெளித்துக்கொண்டிருக்கையில், ஜானு பேனாவை எடுத்து ராமின் சட்டையில் மை தெளிக்கிறாள். அவன் விலகாமல் நிற்கிறான். இருவருக்கும் அது பிரிவு என்று தெரியாது. பிற்பாடு அந்தக் கறைச் சட்டை அவனுடைய பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியவரும்போது, பார்ப்பவருக்கு அந்தக் காட்சி இரண்டாவது முறையாக வந்து போகிறது.

இந்தப் பகுதியில் எனக்குள்ள ஒரே மனக்குறை, ராமின் வீட்டைப் பற்றியது. ஒரு குடும்பம் கடன் தொல்லையால் ஊரை விட்டுப் போவது என்பது ஒரு பையனின் வாழ்க்கையில் எத்தனை பெரிய வெட்கம், எத்தனை பெரிய பயம். ஏன் அவன் ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்ற கேள்விக்கு உண்மையான விடை அங்கேதான் இருக்கிறது. படமோ அதை இரண்டொரு காட்சியில் கடந்துவிடுகிறது. காதலின் கூச்சத்தால் மட்டுமே அவன் விலகி நின்றான் என்று நம்ப வைப்பது இயக்குநருக்கு வசதியாக இருந்திருக்கலாம்; ஆனால் பணமில்லாத கூச்சத்தையும் அதோடு சேர்த்துக் காட்டியிருந்தால் ராம் இன்னும் கொஞ்சம் தரையில் நின்றிருப்பான்.

சந்திப்புக் காட்சிகள் சுறுசுறுப்பாக நகர்கின்றன. சுபாவாகத் தேவதர்ஷினி, முரளியாகப் பகவதி பெருமாள், சதீஷாக ஆடுகளம் முருகதாஸ் என்று மூன்று நண்பர்களுக்கும் ஆளுக்கொரு சுபாவம் கிடைத்திருக்கிறது. இளவயது சுபாவாக நடித்திருப்பவர் தேவதர்ஷினியின் மகள் நியதி என்பதால் முகச்சாயல் அப்படியே பொருந்துகிறது. விஜய் சேதுபதிக்கும் ஆதித்யாவுக்கும் இடையில் அந்தச் சாயல் அவ்வளவாக இல்லை என்பதை யாரும் பொருட்படுத்தாத அளவுக்கு உடல்மொழி அதைச் சரிக்கட்டிவிடுகிறது. அந்த நண்பர்கள் ராமையும் ஜானுவையும் பற்றிப் படும் கவலை, அதாவது எங்கே இருவரும் எல்லை மீறிவிடுவார்களோ என்ற பதற்றம், முதலில் நகைச்சுவையாக இருந்து பிறகு சற்று நீண்டுவிடுகிறது. இந்தப் படம் வந்த பிறகு பழைய மாணவர் சந்திப்பு என்றாலே வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள் என்று புலம்பிய கணவர்மார்களும் மனைவிமார்களும் உண்டு. படத்தில் வரும் நண்பர்களின் பதற்றத்துக்கு வெளியுலகில் கிடைத்த சான்று என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

இனி அந்த இரவு. ராமும் ஜானுவும் ஒரே கதையின் இரண்டு பாதிகளை வைத்துக்கொண்டு 22 ஆண்டுகள் இருந்திருக்கிறார்கள். அவனிடம் இருப்பது பொருட்கள். அவளிடம் இருப்பது கேள்விகள். அவன் அவளைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறான். அவள் படித்த கல்லூரி, அவளுடைய கல்யாணம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் எங்கோ கண்ணுக்குப் படாத தூரத்தில் நின்றிருக்கிறான். அவளுக்கோ அவன் ஒரு நாள் காணாமல் போனவன், அவ்வளவுதான். அவன் தன்னைக் கல்லூரியில் தேடி வந்ததும், வந்திருப்பது யாரோ பின்தொடரும் ஆள் என்று நினைத்துத் தானே அவனைப் பார்க்க மறுத்ததும் அவளுக்கு இந்த இரவில்தான் தெரிகிறது. ஒரு பெயர் சரியாகப் போய்ச் சேராததால் இரண்டு வாழ்க்கைகள் வேறு பக்கம் திரும்பிவிட்டன என்பது நம் கதைகளில் பழகிப்போன உத்திதான். ஆனால் இங்கே அது கதையைப் பின்னுவதற்காக வரவில்லை. எல்லாம் முடிந்து நெடுங்காலம் ஆன பிறகு, இனி எதையும் மாற்ற முடியாது என்ற நிலையில், ஒரு தகவலாக மட்டும் வந்து சேர்கிறது. தவறு யாருடையது என்று சொல்லி ஆறுதல் தேடக்கூட வழியில்லாத தகவல் அது. ஜானு அழுவது அவனை இழந்ததற்காக மட்டுமல்ல. இழந்ததில் தன் கையும் இருந்தது, அது தனக்கே தெரியாமல் போயிற்று என்பதற்காகவும்தான்.

இதற்குப் பிறகு படத்தை நடத்திச் செல்பவள் ஜானு. அவனை ஒரு சலூனுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தாடியையும் முடியையும் திருத்தச் சொல்கிறாள். மெட்ரோ ரயிலில் அழைத்துப் போகிறாள். ஆளரவம் அடங்கிய சென்னைச் சாலைகளில் இருவரும் நடக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இவை சின்னச் சின்ன விளையாட்டுகள். ஆனால் ஒவ்வொன்றிலும், நடந்திருக்க வேண்டிய ஒரு வாழ்க்கையை அவள் சில மணி நேரத்துக்குள் வாழ்ந்து பார்த்துவிட முயல்கிறாள் என்பது தெரிகிறது. கணவனுக்கு முடி வெட்டிக்கொள்ளச் சொல்லும் மனைவியின் அதட்டல் அந்தச் சலூன் காட்சியில் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த உரிமை தனக்கில்லை என்பதும் அவள் முகத்தில் உடன் இருக்கிறது.

படத்தின் மிகச் சிறந்த எழுத்து எது என்று கேட்டால், ராமையும் ஜானுவையும் அவனுடைய மாணவிகள் எதிர்கொள்ளும் காட்சியைத்தான் சொல்வேன். தங்கள் ஆசிரியரோடு வந்திருக்கும் பெண் அவருடைய மனைவி என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் காதல் கதையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். ராம் நெளிகிறான்; ஜானு சொல்லத் தொடங்குகிறாள். கல்லூரியில் நடந்த அந்தச் சம்பவத்தையே எடுத்து, அதில் ஒரே ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்துவிட்டு, அவன் வந்தான், நான் ஓடிப்போய் அவனைச் சந்தித்தேன், பிறகு இருவரும் பிரியவே இல்லை என்று கதையைக் கொண்டு போகிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள், பூரிக்கிறார்கள். நமக்கும் ராமுக்கும் மட்டும் அது பொய் என்று தெரியும். ஆனால் அந்தப் பொய்யில் ஒரு சொல்கூட அலங்காரமாக இல்லை. பழைய காதலை நினைவுகூரும் படங்கள் எல்லாம் நடந்ததை நினைத்து உருகும். இந்தக் காட்சி நடக்காததை நினைவுபோலச் சொல்கிறது. இருந்ததைப் பொருளாகச் சேர்த்து வைத்திருக்கும் ராமால் இதைச் செய்திருக்க முடியாது. அவனுடைய நினைவு 1994-க்குமேல் ஓர் அங்குலம் நகராது. சொல்லத் தெரிந்தவளுக்கே அதை நகர்த்த முடிகிறது. அதே இடத்தில், அவளைத் தன் ஆசிரியரின் மனைவி என்று நம்பிக் கேட்டுக்கொண்டிருக்கும் பிரபாவுக்கு (வர்ஷா பொல்லம்மா) அந்த ஆசிரியர்மேல் ஒரு பிரியம் உண்டு என்பதையும் படம் முன்பே காட்டிவிட்டதால், ஜானு சொல்லும் கதை இன்னொரு பெண்ணின் ஆசையையும் சத்தமில்லாமல் முடித்துவைக்கிறது. அதைப் பற்றிப் படம் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் விட்டதும் நல்லதே.

பாட்டுக்கு வருகிறேன். பாடகி எஸ். ஜானகியின் நினைவாகப் பெயர் வைக்கப்பட்ட பெண் ஜானு. வகுப்பில் எப்போதும் பாடச் சொல்லப்படுபவளும் அவளே. 1991-இல் வந்த ‘தளபதி’ படத்தின் ‘யமுனை ஆற்றிலே’ பாடலை அவள் பாட வேண்டும் என்பது ராமின் ஆசை. தோழி சுபா வழியாகக் கேட்டுப் பார்க்கிறான். அவன் கேட்கிறான் என்று தெரிந்தே அவள் வேறு பாட்டைப் பாடுகிறாள். பள்ளிப் பருவத்தின் அந்தச் சீண்டல் 22 ஆண்டுகள் நிறைவேறாமல் நிற்கிறது. வாலி எழுதி, இளையராஜா இசையில், மிதாலி பானர்ஜி பாடிய அந்தப் பாட்டு மிகச் சிறியது. கண்ணனைக் காணாத ராதையின் ஏக்கம். ‘தளபதி’யிலும் அது கைகூடாத காதலுக்குரிய பாட்டாகவே இருந்தது. ஜானகியின் பெயரைத் தாங்கியவள் கடைசியில் பாடப் போவது ஜானகி பாடாத பாட்டு என்பது ரசிகர்கள் கவனிக்கத் தக்க ஒரு வேடிக்கை.

மழையில் நனைந்து ராமின் வீட்டுக்கு வந்த பிறகு, மின்சாரம் போய்விடுகிறது. இருட்டில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஜானு பாடத் தொடங்குகிறாள். பின்னணியில் வாத்தியம் ஏதுமில்லை. அடுத்த அறையில் இருக்கும் ராமுக்கு இரண்டு ஆசைகள் ஒரே சமயத்தில் வருகின்றன: பாட்டைக் கேட்க வேண்டும், பாடுகிறவளின் முகத்தைப் பார்க்க வேண்டும். விளக்கைத் தேடி அவன் தடுமாறி ஓடுகிறான். ஓடும் சத்தத்தில் பாட்டு தவறிவிடக்கூடாதே என்ற பதைப்பு நமக்கும் ஏற்படுகிறது. விளக்கோடு அவன் வந்து நிற்கும்போது பாட்டு ஏறக்குறைய முடியப் போகிறது. வேறொரு இயக்குநராக இருந்தால் நிலவொளியையும் வயலின் கூட்டத்தையும் கொண்டுவந்து இந்தக் காட்சியைக் கெடுத்திருப்பார். பிரேம்குமார், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சேமித்த எதிர்பார்ப்பை, வெறும் குரலையும் இருட்டையும் நம்பிச் செலவு செய்கிறார்.

இது கைகூடியதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. த்ரிஷாவுக்கு இந்தப் படத்தில் குரல் கொடுத்தவர் சின்மயி. அந்தப் பாட்டைப் பாடியவரும் அவரே. நம் படங்களில் கதாநாயகி பேசும் குரல் ஒன்று, பாடும் குரல் வேறொன்று என்பதை நாம் பழக்கத்தால் பொறுத்துக்கொள்கிறோம். இங்கே பேச்சும் பாட்டும் ஒரே தொண்டையிலிருந்து வருவதால், ஜானு பேச்சை விட்டுப் பாட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒட்டுப்போட்ட தடயமே தெரிவதில்லை. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ (2010) படத்தின் ஜெஸ்ஸிக்கும் சின்மயிதான் குரல் கொடுத்தார் என்பதால், த்ரிஷாவின் முகத்தோடு அந்தக் குரலைச் சேர்த்துக் கேட்பதற்கு நம் காது ஏற்கெனவே பழகியும் இருந்தது. அங்கேயும் ஒருவனுடைய நினைவில் இருப்பவளாகவே வந்த த்ரிஷாவுக்கு, தானே நினைத்துப் பார்ப்பவளாக நடிக்கும் வாய்ப்பு கிடைத்தது ‘96’-இல்தான். அவர் அதை வீணாக்கவில்லை. பெரும்பாலும் ஒரே மஞ்சள் குர்தாவில், பெரிய அழுகைகள் குறைவாகவே உள்ள ஒரு வேடத்தில், கோபமும் கேலியும் ஆற்றாமையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வருவதை அவர் முகம் காட்டுகிறது. பல ஆண்டுகளாக நடித்துவரும் ஒருவரிடமிருந்து இப்படியொரு அடக்கமான நடிப்பு வெளிப்படுவதற்கு இத்தனை காலம் ஆயிற்றே என்ற ஆதங்கம்தான் எஞ்சுகிறது.

விஜய் சேதுபதியைப் பற்றி எனக்கு இரண்டு மனது. அவர் உடலைச் சுருக்கிக்கொள்ளும் விதம், ஜானு ஓர் அடி முன்னே வந்தால் தானறியாமல் பின்னே போகும் கால்கள், பதில் சொல்வதற்கு முன் விழுங்கிக்கொள்ளும் அந்த எச்சில், இவையெல்லாம் கவனித்துச் செய்யப்பட்டவை. ஆதித்யா பாஸ்கரின் கூச்சத்தை அவர் அப்படியே நகலெடுக்கவில்லை. அந்தக் கூச்சம் 22 ஆண்டுகள் பயன்படாமலே கிடந்தால் எப்படி இறுகிப்போகும் என்பதை நடித்திருக்கிறார். என் தயக்கம் நடிப்பில் இல்லை, எழுதப்பட்ட பாத்திரத்தில். ராமுக்கு யார்மீதும் கோபம் இல்லை, ஆசை இல்லை, தவறு இல்லை. வேறு எந்தப் பெண்ணையும் தொட்டதில்லை என்பது அவனுடைய பெரிய தகுதியாக, ஜானுவின் வாயாலேயே விசாரித்து உறுதிசெய்யப்படுகிறது. அந்த உரையாடலில் சிரிப்பு இருக்கிறது, உண்மையும் இருக்கிறது; ஆனால் ஒருவன் வாழாமல் இருந்ததையே அவனுடைய காதலுக்கு அத்தாட்சியாக வைப்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ராமன் ஏகபத்தினி விரதன் என்ற நம் பழைய ஆராதனை, மனைவியே இல்லாத இந்த ராமனுக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது.

அவனுடைய பெட்டியும் அப்படித்தான். பள்ளிக் காலத்துப் பொருட்களை ஒருவன் இத்தனை ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைத்திருப்பது நெகிழ்ச்சியா, நோயா என்ற கேள்வியைப் படம் கேட்பதே இல்லை. அவள் திருமணத்துக்கு வந்து யாரும் அறியாமல் நின்றதை நெகிழ்ச்சியாக மட்டும் காட்டுகிறது. அதே செயலை, நாம் நேசிக்காத ஒரு பாத்திரம் செய்திருந்தால் வேறு பெயரிட்டு அழைத்திருப்போம். கல்லூரியில் பின்தொடரும் ஆள் என்று நினைத்து ஜானு அவனை விரட்டியது தவறான புரிதல்தான்; ஆனால் அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது என்பதையும் அந்தத் தவறே சொல்கிறது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் துணிவு எழுத்தில் இருந்திருந்தால் படம் இன்னொரு படி மேலே போயிருக்கும்.

ஜானுவின் கணவர் வெறும் சொல்லாகவே இருக்கிறார். அவர் நல்லவர் என்று சொல்லப்படுகிறது. அதற்குமேல் தேவையில்லை என்று படம் முடிவு செய்துவிட்டது. கெட்ட கணவன் ஒருவனை வைத்து, அவளுடைய ஏக்கத்துக்கு எளிதான நியாயம் தேடாமல் விட்டதற்காக இயக்குநரைப் பாராட்டலாம். ஆனால் சிங்கப்பூரில் அவள் வாழும் வாழ்க்கையின் ஒரு பகலையாவது பார்த்திருந்தால், அவள் திரும்பிப் போவதன் கனம் நமக்கு இன்னும் தெளிவாக விளங்கியிருக்கும். இப்போது அவள் போவது ஒரு வீட்டுக்கு அல்ல, வெறும் விமானத்துக்கு என்பதுபோலத் தோன்றிவிடுகிறது.

கோவிந்த் வசந்தாவின் இசையைப் பற்றிச் சொல்ல அதிகம் உண்டென்றாலும், பலரும் சொல்லிவிட்டார்கள். தைக்குடம் பிரிட்ஜ் குழுவின் வயலின் கலைஞரான அவர், தன் வாத்தியத்தையே படத்தின் இன்னொரு குரலாக்கியிருக்கிறார். உமா தேவியும் கார்த்திக் நேத்தாவும் எழுதிய பாடல்கள் கதையை நிறுத்தி வைத்துப் பாடப்படுவதில்லை. பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும் காட்சியின் அடியில் ஓடுகின்றன. தொடக்கத்தில் ராமின் பயணங்களைக் காட்டும் பாடல், தனிமையைத் துயரமாகப் பாடாமல் நிறைவாகப் பாடுவது எனக்குப் பிடித்திருந்தது. பிரதீப் குமாரின் குரலுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. பள்ளிக் காலத்து உணர்வுக்கு இளையராஜாவின் பழைய பாடல்கள், நிகழ்காலத்துக்குக் கோவிந்த் வசந்தா என்று படம் தெளிவாகப் பிரித்துக்கொண்டிருக்கிறது. மகேந்திரன் ஜெயராஜுவும் என். சண்முகசுந்தரமும் செய்திருக்கும் ஒளிப்பதிவில், சென்னையின் இரவு அதிகமாக மினுக்கப்படவில்லை. இயக்குநரே ஒளிப்பதிவாளராக இருந்தவர் என்பதாலோ என்னவோ, முகங்களுக்கு நேரம் கொடுக்கத் தெரிந்திருக்கிறது. அந்த நேரம் சில இடங்களில் மிகுந்துபோய்ப் படம் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. முதல் அரை மணி நேரத்தில், குறிப்பாக மாணவர்களோடு ராம் வகுப்பு நடத்தும் பகுதியில், கத்தரி வைத்திருந்தால் யாரும் குறைபட்டிருக்க மாட்டார்கள்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில், காரின் கியரைப் பிடித்திருக்கும் ராமின் கைமேல் ஜானு தன் கையை வைக்கிறாள். படம் முழுவதும் தவிர்க்கப்பட்ட தொடுதல், வண்டி ஓட்டுபவன் கையை எடுக்க முடியாத ஓர் இடத்தில் நிகழ்கிறது. பத்தாம் வகுப்பில் மயங்கி விழுந்தவன் இப்போது வண்டியை நேராக ஓட்டியாக வேண்டும். இயக்குநருக்கு எழுத்து எந்த அளவுக்குக் கைவந்திருக்கிறது என்பதற்கு இந்த ஓர் ஏற்பாடு போதும்.

பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ (2024) படத்திலும் தஞ்சாவூர் உண்டு, 1996 உண்டு, ஊரை விட்டுப் போன குடும்பம் உண்டு, ஓர் இரவு முழுவதும் பேசித் தீரும் இருவர் உண்டு. காதலுக்குப் பதில் உறவும் வீடும் அங்கே நினைவாகின்றன. குடும்பம் ஊரை விட்டுப் போவதன் வலியை ‘96’ கடந்து சென்றுவிட்டது என்று மேலே குறைபட்டேன். அந்தப் பாக்கியை அவர் ‘மெய்யழகன்’ படத்தில் அடைத்தார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆகவே இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது. ‘96’-ஐ, கன்னடத்தில் ‘99’ (2019), தெலுங்கில் பிரேம்குமாரே இயக்கிய ‘ஜானு’ (2020) என்று மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். ஆனால் ‘யமுனை ஆற்றிலே’யைக் கேட்டு வளர்ந்த காதுக்காகக் கட்டப்பட்ட கதை இது, தமிழ் தெரிந்தவர்களுக்கு மூலமே போதும். கைபேசியில் பார்க்க வேண்டாம். வீட்டில் நல்ல ஒலிபெருக்கி இருந்தால் அதில் பாருங்கள். இல்லையென்றால் காதில் நல்ல ஹெட்போனாவது இருக்கட்டும், அந்த இருட்டுக் காட்சியில் பாட்டோடு ராம் விளக்கைத் தேடி அலையும் சத்தமும் சேர்ந்து கேட்டாக வேண்டும்.